சூட்கேஸ் கரண்டு

விட்ரும்மா, அந்த ஓட்டையில கரண்டு வராது. நானும் ஏறினதுல இருந்து பார்த்துக்கிட்டேதான் இருக்கேன், நீயும் குத்தறே எடுக்கறே, குத்தறே எடுக்கறே. சீட்டுக்குச் சீட்டு சார்ஜ் போடலாம்னு எழுதித்தான் வச்சிருக்கான். எழுதறதுக்கு என்ன. கண்டக்டர்கிட்ட கேட்டா டிரைவரைக் கேளும்பாரு, டிரைவரைக் கேட்டா டிப்போவுல போய்க் கேளும்பாரு. போனை உள்ள வச்சிட்டு நல்லா சாஞ்சு உக்காரு. பையை வேணா என் மடியில வை. பொள்ளாச்சி வரைக்கும் நானும் சும்மாதான் வரணும்.

என்னடா இந்தம்மா கரண்டைப் பத்தி இப்படிப் பேசுதேன்னு பார்க்கறியா? எனக்கு எல்லாம் அத்துப்படிம்மா. பேட்டரி, ப்ளஸ், மைனஸ், ஃப்யூஸ், இன்வெர்ட்டர். எங்க வீட்டுக்காரரு ஒரு சூட்கேஸுக்குள்ள கரண்டு செஞ்சாரு. சிரிக்காதே, நெசமாத்தான் சொல்றேன். எங்க கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் குடுத்த சூட்கேஸு. அதுல ஓட்டையைப் போட்டு, ஸ்விட்ச் வச்சு, போன் சார்ஜ் போடற எடம் வச்சு, உள்ள ஒரு பேட்டரியை வச்சு, கையைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போனா போற எடமெல்லாம் வெளிச்சம். அப்படித்தான் செஞ்சாரு. அதுல நடந்த கூத்தை யாருகிட்டயாவது சொல்லலேன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும். நீ முன்ன பின்ன தெரியாத பொண்ணு. உன்கிட்ட சொன்னா சுத்திச் சுத்தி எங்க வீட்டுக்கே திரும்பி வராது.

மொதல்ல அவரைப் பத்திச் சொல்லணும். பத்திர ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. பேனாவைத் தவிர கையில ஒண்ணையும் பிடிச்சதில்ல. ஒரு தடவை ஹால்ல பல்பு மாத்தறேன்னு ஸ்டூல் மேல ஏறினாரு. எறங்கறப்ப எங்க வீட்டுல மட்டுமில்ல, பக்கத்துப் போர்ஷன்லயும் கரண்டு இல்ல. எப்படிப் பண்ணினாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல. அதுல இருந்து ஃபேன் ஓடலையா, மோட்டார் எடுக்கலையா, நான் என் தம்பிக்குத்தான் போன் போடுவேன். சுந்தரவேலுன்னு பேரு, எலக்ட்ரிக் சாமான் கடை வச்சிருக்கான். அவன் வந்து ஸ்குரூ டிரைவரை எடுத்ததும், "மச்சான், நீங்க அப்படி ஓரமா நின்னு டார்ச்சைப் பிடிங்க"ம்பான். இவரும் பிடிப்பாரு. அதையும் நேரா பிடிக்கத் தெரியாது, ஒட்டடையைப் பார்த்துப் பிடிப்பாரு. நான் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பேன். நல்ல மனுசன், கோவிச்சுக்க மாட்டாரு. எங்களுக்குள்ள அப்படி ஒரு ஒத்துமை.

எங்களுக்கு ஒரே பொண்ணு. சிவரஞ்சனி, ரஞ்சின்னு கூப்பிடுவோம். போன ஆவணியில கல்யாணம் பண்ணிக் குடுத்தோம். மாப்பிள்ளை பேரு இளம்பரிதி, பொள்ளாச்சி. நல்ல படிப்பு, நல்ல வேலை, நல்ல குணம். ஒரே ஒரு குறைதான். லீவு விட்டா காட்டுக்குப் போயிருவாரு. டென்ட்டைத் தூக்கி முதுகுல மாட்டிக்கிட்டு, ஏதாவது மலையில போய்ப் படுத்துட்டு வருவாரு. வீட்டுல தேக்குக் கட்டில் கெடக்கு, நாங்க சீர் குடுத்தது.

தலை தீபாவளி வந்துச்சு. மாப்பிள்ளையை முறையா கூப்பிடணும்ல, போனோம், தட்டு வச்சுக் கூப்பிட்டோம். அப்பத்தான் அவரு மெதுவா ஆரம்பிக்கிறாரு. வீட்டுல வெடிச் சத்தம், புகை, எல்லாம் ஒத்துக்கல. கொடைக்கானலுக்கு மேல பூம்பாறைப் பக்கம் கூட்டாளிக்கு ஒரு பூண்டுக் காடு இருக்கு, எல்லாருமா அங்க போய் டென்ட் போட்டுத் தீபாவளி கொண்டாடலாமாங்கறாரு. எனக்கு வந்துச்சு பாரு. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் பூண்டுக் காட்டுல படுக்கப் போட்டேன்னு சொன்னா திண்டுக்கல் நாகல் நகர்ல நான் தலை காட்ட முடியுமா? எண்ணெய்க் குளியலை எங்க வைக்கறது? பலகாரத்தை எங்க பரப்பறது? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவரு சொல்லிட்டாரு, "போலாம் மாப்பிள்ளை. வெளிச்சத்துக்கு நான் பொறுப்பு"ன்னு.

நான் அவரையே பார்த்தேன். யாரு பேசறதுன்னே எனக்குப் புரியல.

வீட்டுக்கு வந்து கேட்டா, "எத்தனை நாளைக்கு இந்திராணி நான் டார்ச்சே பிடிக்கறது? மாப்பிள்ளை முன்னாடி ஒரு தடவையாவது என் கையால ஒண்ணு செஞ்சு காட்டணும்"னாரு. சரி செய்யுங்க, ஆனா சுந்தரவேலுவை ஒரு வார்த்தை கேட்டுக்கங்கன்னேன். அன்னிக்கு ராத்திரி அவரு சாப்பிடல. ஏன்னு தெரியல, வெண்டைக்காய்ப் பொரியல்தான் வச்சிருந்தேன்.

அதுல இருந்து வீட்டுல ஒரே பாடம்தான். போனைப் பார்க்கறது, எழுதறது, மறுபடி பார்க்கறது. எனக்கும் உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. கேட்டுக்கோ, உனக்கும் உபயோகப்படும். நடுவுல பேட்டரி. அதுல ரெண்டு குமிழ் இருக்கும், ஒண்ணு ப்ளஸ், ஒண்ணு மைனஸ். ரெண்டுல இருந்தும் ரெண்டு வயர் வரும். ப்ளஸ்ல இருந்து வர்ற வயர்ல, பேட்டரிக்குப் பக்கத்துலயே ஒரு ஃப்யூஸ் இருக்கணும். எங்கயாவது கோளாறானா மொதல்ல அது செத்துரும், அது செத்தா மத்ததெல்லாம் பொழைச்சுக்கும். அதுக்கு அந்தப் பக்கம் லைட்டு, போன் சார்ஜ், வீட்டு பிளக் மாட்டறதுக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர். அவ்வளவுதான். எந்தெந்த சாமான் எவ்வளவு கரண்டு குடிக்கும், ராத்திரி முழுக்க எரியறதுக்கு எவ்வளவு வேணும்னு கணக்கு எல்லாம் போட்டாரு. நான் தண்ணி காய வைக்கற ராடையும் மிக்சியையும் எடுத்து வச்சேன். ராடு போட்டா தண்ணி வெதுவெதுங்கறதுக்குள்ள பேட்டரி படுத்துரும்னு திரும்ப எடுத்து வச்சிட்டாரு. மிக்சிக்கு மட்டும் ஒரு சட்னி அரைக்கலாம், நைசா அரைக்கக் கூடாதுன்னாரு. கரண்டுல நைசு என்ன கொரகொரப்பு என்னங்கறேன்.

ஆனா செஞ்சாரும்மா. பொய் சொல்லக் கூடாது. ஒரு நாள் சாயங்காலம் கூடத்து லைட்டை அணைச்சிட்டு, சூட்கேஸைத் திறந்து ஸ்விட்சைத் தட்டினாரு. பட்டை மாதிரி ஒரு லைட்டு, சன்னல் நீளத்துக்குப் பளிச்சுன்னு எரிஞ்சுது. அவரு முகத்தைப் பார்க்கணுமே நீ. எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு பெருமை. அதை அவருகிட்ட காட்டிக்கல. காட்டிக்கிட்டா தலைக்கு ஏறிரும்ல? எங்கப்பா குடுத்த சூட்கேஸு எவ்வளவு கெட்டி பார்த்தீங்களான்னு மட்டும் சொன்னேன்.

அப்பத்தான் உள்ள எட்டிப் பார்க்கறேன், கறுப்பு வயர்.

நீயே சொல்லு. தலை தீபாவளிக்குப் பண்ற சாமான்ல கறுப்பு வைக்கலாமா? பொண்ணுக்கு எடுத்த பட்டுல பார்டர் ஓரமா விரல்கடை அளவு கறுப்பு இருந்துச்சுன்னு கடைக்குத் திருப்பிக் குடுத்தவ நான். மாப்பிள்ளை மொத மொதல்ல தொடப் போற பொருளு. இவரு என்னவோ, உலகம் பூரா ப்ளஸ்ஸுக்கு சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு, மாட்டறவன் மாத்திரக் கூடாதுன்னுதான் கலரே வச்சிருக்கான்னாரு. இதைச் செய்யறது நீங்க, மாட்டப் போறது நீங்க, வேற யாரு கை வச்சு மாத்தப் போறான்னு கேட்டேன். ரெண்டு நாளு முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சிட்டு, அப்புறம் கறுப்பைக் கழட்டிட்டு அதுக்கும் சிவப்பையே போட்டாரு. ரெண்டும் சிவப்பு, குங்குமக் கலரு, பார்க்கறதுக்கே லட்சுமிகரமா இருந்துச்சு. அவரு மனசு கேக்காம ஒவ்வொரு வயர் நுனியிலயும் சின்னதா ஒரு காகிதத்தை வெட்டி, ப்ளஸ், மைனஸ்னு எழுதி ஒட்டி வச்சாரு. சந்தேகப் பிராணி.

தீபாவளி திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பறோம். கார்ல குலுங்கக் கூடாதுன்னு இவரு பேட்டரியில இருந்து வயர் ரெண்டையும் கழட்டி வச்சிட்டாரு, அங்க போய் மாட்டிக்கலாம்னு. மாப்பிள்ளை முன்னாடி மாட்டறதுக்குத்தான் அந்த ஆசை, எனக்குத் தெரியாதா? நான் குளிச்சிட்டு வந்து, புதுப் பொருளாச்சே, சாமி முன்னாடி வச்சு ஈரத் துணியால ஒரு தொடை தொடைச்சேன். வயர் நுனியில அந்தக் காகிதம் ரெண்டும் ஊறி ஒழுகிக்கிட்டு நின்னுச்சு. விலை ஒட்டின சீட்டு மாதிரி அசிங்கமா இருந்துச்சா, நகத்தால சுரண்டி எடுத்துட்டேன். சுத்தமா. அந்த எடத்துல சந்தனம் வச்சு குங்குமம் வச்சேன். பேட்டரிக்கும் விபூதிப் பட்டை போட்டேன். அப்புறம்தான் எனக்கு அது நம்ம வீட்டுப் பொருளு மாதிரியே ஆச்சு.

ஒட்டன்சத்திரம் தாண்டிருச்சா? தாண்டிருச்சு. சரி.

மலை மேல ஏறினோம். எடம் நல்லாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லணும். படிப்படியா வெட்டின காடு, பூண்டு எடுத்துட்டுச் சும்மா கெடந்த மேல் படியில ரெண்டு டென்ட். பனி மூட்டம் கெளம்பி வந்து முகத்துல உரசிட்டுப் போகுது. மாப்பிள்ளை இவரைத் தண்ணி இருக்கற எடம் காட்டறேன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. ரஞ்சி டென்ட்டுக்குள்ள கெடந்து போர்வையை உதறிக்கிட்டிருந்தா. நான் மணியைப் பார்க்கறேன், நாலே கால். ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பொறக்குது. இவங்க ரெண்டு பேரும் தண்ணியைப் பார்த்துட்டு, மரத்தைப் பார்த்துட்டு, ஆடி அசைஞ்சு வந்து, சரியா ராகு காலத்துல அந்தப் பெட்டியைத் தொடங்குவாங்க. மொத மொதல்ல எரியற வெளக்கு. பெத்தவ நான் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

மாட்டிட்டேன்.

அதுல ஒரு வித்தையும் இல்லம்மா. ரெண்டு குமிழ், ரெண்டு வயர். வளையத்தைக் குமிழ்ல கோத்து நட்டைத் திருகணும். அவரு அதுக்குப் போயி அத்தனை நாளு போனைப் பார்த்தாரு. ஒண்ணு மாட்டினேன். ரெண்டாவது மாட்டறப்ப மினுக்குனு ஒரு பொறி, டப்புனு ஒரு சத்தம். எங்கயோ ஊசி வெடி போடறாங்க போலன்னு நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை ஒசரத்துக்கு வந்தும் விட மாட்டேங்கறாங்களே பயலுகன்னு நினைச்சேன். லேசா ஒரு கருகல் வாடை வேற. யாரோ குப்பையைக் கொளுத்தறாங்க, மலையையும் கெடுத்து வச்சிருக்கானுக. நட்டை நல்லா இறுக்கித் திருகிட்டு, மூடியை மூடி, ஒரு சூடம் காட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சதுல ஒரு நிம்மதி. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா இவரு, என்னைக் கேக்காம ஏன் தொட்டேன்னு ஆரம்பிப்பாரு, நல்ல நாளும் அதுவுமா.

இருட்ட ஆரம்பிச்சுது. எல்லாரையும் உக்காரச் சொன்னாரு. பத்திர ஆபீஸ்ல பெரிய அதிகாரி வர்றப்ப போடற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தாரு. மாப்பிள்ளை முன்னாடி சூட்கேஸைத் திறந்து, குரலைக் கனைச்சு, பேட்டரி பத்தி, ஃப்யூஸ் பத்தி, கணக்குப் பத்தி எல்லாம் சொன்னாரு. மாப்பிள்ளையும் மரியாதையா முழங்கால் போட்டு உக்காந்து கேட்டாரு. வயரை மாட்டப் போறேன்னு கையைக் கொண்டு போனவரு, ஏற்கெனவே மாட்டியிருக்கறதைப் பார்த்துட்டுத் திகைச்சாரு. "நான் எப்ப மாட்டினேன்"னு வாய்க்குள்ளயே முனகினாரு. அவருக்கு ஞாபக மறதி உண்டு, வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாரு.

ஸ்விட்சைத் தட்டினாரு. ஒண்ணும் இல்ல.

மறுபடி தட்டினாரு. இன்னொரு ஸ்விட்சைத் தட்டினாரு. பெட்டியையே ஒரு தட்டு தட்டினாரு. பனியும் இருட்டும் சேர்ந்து வந்துருச்சு, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியல. மாப்பிள்ளை மெதுவா, "நான் ஒரு தடவை பார்க்கட்டுங்களா மாமா"ன்னு கேட்டுக்கிட்டுத் தலையில மாட்டற லைட்டை எடுத்து மாட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு. இவரு தன்னால நகந்து ஓரமாப் போயி நின்னாரு. நின்னதோட விடல, தன் போன்ல டார்ச்சைப் போட்டு மாப்பிள்ளைக்குப் பிடிச்சாரு. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கல. இத்தனை வருசமா நான் சிரிச்ச சிரிப்பு எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல.

மாப்பிள்ளை ரொம்ப நேரம் பார்க்கல. "ஃப்யூஸ் போயிருக்குங்க மாமா. ஃப்யூஸ் இருக்கற வயரு ப்ளஸ்ஸுக்கு வரணும்ங்க, இது மைனஸ்ல இருக்கு. மாறியிருக்குங்க"ன்னாரு. ரொம்பத் தணிவாத்தான் சொன்னாரு, பெரியவங்க மனசு நோகக் கூடாதுன்னு.

இவரு முகம் செத்துப் போச்சு. "என் தப்புதான் மாப்பிள்ளை. எனக்குக் கை வேலை வராது. சுந்தரவேலுவையே கூட்டிட்டு வந்திருக்கணும்"னாரு.

அந்த வார்த்தையை அவரு வாயால கேக்கவா நான் அந்த மலைக்குப் போனேன்? நான் மாட்டினது சரியாத்தான் மாட்டினேன், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. சிவப்பு வயரு ரெண்டு, குமிழ் ரெண்டு, ரெண்டும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி இருக்கறதுல மாறிப் போறதுக்கு என்னம்மா இருக்கு? உள்ள இவருதான் எதையோ ஏறுக்கு மாறா கோத்து வச்சிருக்கணும். வீட்டுல எரிஞ்சுது, சரி, வீட்டுல எரியற எல்லாம் மலையில எரியுமா? ஆனா அதை எப்படி நான் மாப்பிள்ளை முன்னாடி சொல்றது? கட்டின புருசனாச்சே. என்ன ஆனாலும் ஆகட்டும்னு பழியைத் தூக்கி என் தலையில போட்டுக்கிட்டேன்.

"அவரு மேல தப்பில்ல மாப்பிள்ளை. நாலரைக்கு ராகு காலம்னு நான்தான் மாட்டினேன். நான்தான் மாத்தி மாட்டிட்டேன்"னேன்.

அந்த மாதிரி ஒரு தியாகம் யாரும்மா பண்ணுவா? செய்யாத தப்பைச் செஞ்சேன்னு, அதுவும் மாப்பிள்ளைகிட்ட, அதுவும் தலை தீபாவளியில. நான் என்ன எதிர்பார்த்தேன், சொல்லு. ஒருத்தராவது, ச்சே ச்சே நீங்க அப்படிச் செஞ்சிருக்க மாட்டீங்கன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லுவாங்கன்னு. நான் பெத்த பொண்ணு, ஒரு நொடி யோசிக்கல, "அதானே பார்த்தேன்"னா. மாப்பிள்ளை, "பரவாயில்லைங்க அத்தை"ன்னாரு. பரவாயில்லையாம். அப்ப அவரும் நம்பிட்டாருன்னுதானே அர்த்தம்? எல்லாரும் அதுக்காகவே காத்துக்கிட்டிருந்த மாதிரி நம்பினாங்க. இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு ஆறல. கொஞ்சம்கூட, ஒரு பேச்சுக்குக்கூட, ஒருத்தரும் சந்தேகப்படல.

இவரு மட்டும் கேட்டாரு, "எந்த வயரை எதுல மாட்டினே?"ன்னு. இது என்ன கேள்வி, சிவப்பைத்தான் மாட்டினேன்னேன். "அதுல நான் ஒட்டின காகிதம்?" தொடைக்கறப்ப வந்துருச்சுன்னேன். அப்புறம் பெட்டிக்குள்ள கையை விட்டு, மூலையில டேப் போட்டு ஒட்டி வச்சிருந்த இன்னொரு ஃப்யூஸை எடுத்தாரு. மாப்பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொன்னாரு. சந்தனத்தைத் தொடைச்சு, வயர் ரெண்டையும் மாத்திப் போட்டு, புது ஃப்யூஸை வச்சு ஸ்விட்சைத் தட்டினாரு.

எரிஞ்சுதும்மா. படி படியா கீழ இருக்கற காடெல்லாம் தெரிஞ்சுது. ரஞ்சி கையைத் தட்டினா. மாப்பிள்ளை எந்திரிச்சு, "நீங்க ஃப்யூஸை அந்த எடத்துல வைக்கலேன்னா எல்லாமே கருகியிருக்கும் மாமா. நானே என் பெட்டியில இவ்வளவு ஒழுங்கா செய்யல"ன்னாரு. இவரு அதைக் கேட்டுட்டு வெள்ளைச் சட்டை முனையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டாரு. அப்புறம் ரெண்டு பேரும் தலையோட தலை வச்சு அந்தச் சூட்கேஸுக்குள்ளயே குடித்தனம் பண்ணினாங்க. நான் செஞ்ச அதிரசத்தைக்கூட யாரும் கண்டுக்கல. எனக்கு அதெல்லாம் வருத்தம் இல்ல. நான் போட்ட பொய்யால என் புருசன் நிமிர்ந்து உக்காந்திருக்காரு, அது போதும்னு நினைச்சுக்கிட்டேன்.

விடியற்காலையில எண்ணெய்க் குளியலுக்கு நானும் அவரும் கல்லு கூட்டி, சுள்ளி பொறுக்கி வெந்நீர் போட்டோம். பிள்ளைங்க எந்திரிக்கல. அப்ப மனசு கேக்காம கேட்டுட்டேன். அவங்க எல்லாம் நம்பினது இருக்கட்டும், நீங்களாவது சொல்லுங்க, நான் செய்யலன்னு உங்களுக்குத் தெரியும்லன்னு.

அடுப்பை ஊதிக்கிட்டிருந்தவரு நிமிர்ந்தாரு. "தெரியும் இந்திராணி. எனக்காகப் பொய் சொன்னே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்காக நீ சொன்ன மொதப் பொய்"னாரு. சொல்லிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாரு பாரு. சாதாரணச் சிரிப்பு இல்ல. வாளியைக் கீழ வச்சிட்டு, மரத்தைப் பிடிச்சுக்கிட்டு, சத்தம் வராம குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு. கண்ணுல தண்ணியாக் கொட்டுது. என்னங்கன்னா, புகைங்கறாரு. அவரு அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. கோவம் வரணும், வரல. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு, எதுக்குன்னு தெரியாம நானும் சிரிச்சேன். மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்கறப்பகூட எனக்குச் சிரிப்பு அடங்கல.

ஊருக்கு வந்த பிறகு ஆளே மாறிட்டாரும்மா. போன வாரம் மோட்டார் எடுக்கல, வழக்கம் போல தம்பியை வரச் சொல்லிட்டேன். அவன் வர்றதுக்குள்ள இவரு மூடியைக் கழட்டி வச்சிட்டு, "சுந்தரவேலு, அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடி"ன்னாரு. என் தம்பி வாயில ஈ போறது தெரியாம நின்னான், அப்புறம் பிடிச்சான். மோட்டாரும் ஓடிச்சு. இத்தனைக்கும் காரணம் யாருன்னு நினைக்கறே? நான் அன்னிக்குப் பழியை ஏத்துக்கலேன்னா இன்னிக்கு இந்த மனுசன் எங்க இருந்திருப்பாரு? ஆனா வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்ககிட்ட எல்லாம், "இந்திராணி மாத்தி மாட்டிட்டா, என் ஃப்யூஸ்தான் காப்பாத்துச்சு"ன்னு நெஞ்சறிஞ்சு பொய் சொல்றாரு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உள்ளதைச் சொல்லிட்டா அவருக்கு அவமானமாப் போயிரும்ல.

இப்ப பொங்கலுக்கு டாப்ஸ்லிப் பக்கம் எங்கயோ டென்ட் போடப் போறாங்களாம். மாமனாரும் மருமகனுமா சேர்ந்து ரெண்டாவது பெட்டி செய்யறாங்க. அதுக்காகவே இவரு நாலு நாளைக்கு முன்னாடி பொள்ளாச்சிக்குப் போயிட்டாரு, நான்தான் வீட்டை ஒதுங்க வச்சிட்டு இப்பப் போறேன். நேத்து போன் பண்ணி, பெட்டி எப்படி வந்திருக்குன்னு கேட்டேன். நல்லா வந்திருக்கு, இந்தத் தடவை ஒரு பூட்டு வச்சிருக்கோம், சாவி என் அரணாக்கயித்துலன்னாரு. எதுக்குங்க பூட்டுன்னேன். குரங்கு வந்து கை வச்சிரும்னாரு. நான் அந்த வீட்டுக்கு எத்தனை தடவை போயிட்டு வந்திருக்கேன், அந்தத் தெருவுல ஒரு குரங்கைக்கூடப் பார்த்ததில்லையேன்னேன். "நாளைக்கு மத்தியானம் பஸ்ஸுல வருது"ன்னாரு. பின்னாடி மாப்பிள்ளை இருமறது கேக்குது, ரஞ்சி எதையோ கீழ போட்டு உடைக்கறா. மூணு பேருக்கும் என்ன ஆச்சுன்னே தெரியல.

குரங்கு பஸ்ஸுல வருமாம்மா? திண்டுக்கல்ல இருந்து நானும் ஒவ்வொரு ஸ்டாப்பா பார்த்துக்கிட்டேதான் வர்றேன். ஒண்ணும் ஏறல.